பச்சை விளக்கும் ஒரு பேரியர் வரியும்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் சாம்பல் நிற ஸ்வெட்டரைத் துவைக்க எடுத்தேன். ஆய்வறையின் ஏசி குளிருக்காக நீ என் நாற்காலியிலேயே போட்டு வைத்திருந்தது. "அவ ஸ்வெட்டர் உங்ககிட்ட இருக்குதாமே, பொண்ணு கேக்குது" என்று உன் கணவர் போன வாரம் போனில் சொன்னார். வாளியில் தண்ணீர் பிடித்து சோப்புத்தூளும் போட்டாயிற்று. முக்கப் போகும்போது தலைவலித் தைலத்தின் வாசம் எழுந்தது. நீ கண்ணை மூடி எட்டு மாதமாகியும் அது போகவில்லை. துவைக்காமல் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். உன் மகள் அந்த வாசத்தோடே வாங்கிக்கொள்ளட்டும்.

பதினோரு வருஷம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஒரே ஷேர் ஆட்டோவில் ஒரகடம் வந்தோம். வேலையிடத்தில் ஆங்கிலம் பேசுவாய். ஆட்டோவில் என்னிடம் உன் ஊர்ப் பேச்சு. ஒருமுறை பக்கத்திலிருந்த பூக்கார அம்மா நம் பேச்சை இடைமறித்துக் கேட்டார்: "யாரும்மா அந்த ரெண்டு பேரு? எப்பப் பாத்தாலும் ஒருத்தர் எழுதறத இன்னொருத்தர் அழிச்சிக்கினு கீறாங்க?" ஒரு சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் இரண்டு கோர்களைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருந்தோம். நீ முகம் மாறாமல், "ஒரே வூட்டு மருமகளுங்க ஆயா" என்றாய். "அப்போ அப்பிடித்தான் இருக்கும்" என்று அவர் இறங்கிப் போனார்.

அட்டாமிக் என்பதை நீ புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்வதை நான் மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பேன். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு சூப்பர்வைசர்கள் முடிந்த வண்டிகளை எண்ணி எழுதும் பலகையை ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். நாற்பது என்றிருக்கிறது. இருவரும் தங்கள் ஒன்றைக் கூட்டி நாற்பத்தொன்று என்று எழுதுகிறார்கள். ஒரு வண்டி காணாமல் போயிற்று. பார்ப்பது, கூட்டுவது, எழுதுவது மூன்றும் யாரும் நடுவில் புக முடியாத ஒரே செயலாக நடந்தால் அது அட்டாமிக். கேஷ் என்பது ஒவ்வொரு கோரும் பலகையிலிருந்து எழுதிக் கையில் வைத்திருக்கும் சீட்டு. ஒருவர் எண்ணை மாற்றினால் மற்றவர் கையிலுள்ள பழைய சீட்டு செல்லாது என்று வன்பொருளே பார்த்துக்கொள்ளும். "ஆனா அது ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியா. ரெண்டு எண்ண மாத்துனா எது முதல்ல கண்ணுல படும்னு அது சொல்லாது. அத நாமதான் சொல்லணும்" என்று முடிப்பாய்.

நான் இதைக் கேட்டுக் கேட்டு, எனக்கு எல்லாம் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

நட்டு முறுக்கும் கருவிக்கான கன்ட்ரோலரின் கெர்னலில், அதாவது அதன் அடிப்படை மென்பொருளில், நாம் எழுதியது சின்னப் பகுதிதான். ஒரு கோர் முறுக்கு விசையின் அளவை நினைவகத்தில் எழுதும். பிறகு முறுக்கிய நட்டுகளின் எண்ணிக்கையில் ஒன்று கூட்டும். எண்ணிக்கை ஏறியதைப் பார்த்ததும் இன்னொரு கோர் அந்த அளவை எடுத்து, சரியென்றால் பச்சை விளக்கும் இல்லையென்றால் சிவப்பும் காட்டும். இரண்டுக்கும் நடுவில் நீ ஒரு பேரியர் போட்டிருந்தாய்: அளவு வெளியே தெரிந்த பிறகுதான் எண்ணிக்கை தெரிய வேண்டும் என்று சொல்லும் ஒரே வரி.

"எண்ணிக்கையே அட்டாமிக். அப்புறம் இது எதுக்குடி? நேரம்தான் வீணாகுது" என்றேன்.

"அட்டாமிக்னா வரிசையும் சேந்து வரும்னு எவன் சொன்னான்? வேணாம்டி, இருக்கட்டும்."

"ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துட்டேன். ஒரு தப்பு வரல."

"இந்த மெஷின்ல வராது. வேற சிப்புல வரும்."

வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். நீ சாப்பிடப் போயிருந்தாய். ஆய்வறைக் கணினியில் எப்போதும் உன் கணக்குதான் திறந்திருக்கும். யார் தட்டினாலும் உன் பெயரில் பதிவாகும். நான் அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பினேன். நீ வந்து பார்த்தாய். "பிடிவாதக்காரி" என்றாய். அந்த வாரம்தான் உன் தலைவலிக்கு முதல் ஸ்கேன். நீ வேறு எதற்கும் சண்டை போடும் நிலையில் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் வல்லம் வடகாலில் உள்ள ஆலை ஒன்றுக்குப் புதிய கன்ட்ரோலர்கள் போயின. வேறு சிப். அங்கே லைனில் நிற்கும் தென்காசிப் பெண் ஒருத்தி திடீரென்று லைனை நிறுத்திவிட்டாள். நான் போனபோது அவளைச் சுற்றி நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். "கருவி வழுக்கிட்டுக்கா. நட்டு முறுகவே இல்ல. ஆனா பச்சை எரியுது. பச்சை எரிஞ்சா வண்டிய விட்டுரணுமாம். நா எப்படி விடுவேன்?" என்றாள்.

அவள் விடாததால்தான் அந்த வண்டி ரோட்டுக்குப் போகவில்லை. இரண்டு நாளில் காரணம் கிடைத்தது. எண்ணிக்கை முதலில் தெரிந்துவிட்டது, அளவு இன்னும் வந்து சேரவில்லை. முந்தைய நட்டின் நல்ல அளவை எடுத்துக் கோர் பச்சை காட்டிவிட்டது. நான் ஓட்டிப் பார்த்த மேஜைக் கணினியின் சிப்பில், அட்டாமிக் கூட்டலே பேரியராகவும் வேலை செய்துவிடும். இதில் அப்படியில்லை. நீ சொன்னது அதேதான்.

நேற்று மேலாளர் அழைத்தார். ஆலைக்குக் கொடுக்கும் அறிக்கையில் யார் செய்த மாற்றம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.

"பதிவுல அவங்க பேருதானே மேடம் வருது. அதையே போட்டுடுங்க."

"அவ இல்லையே சார்."

"அதான் சொல்றேன். அவங்களை யாரும் கூப்பிட்டுக் கேக்கப் போறதில்ல. உங்களுக்கு டீம் லீட் ஆர்டர் இந்த வாரம் வருது. இப்போ போய் ஏன்..." பாதியில் நிறுத்திக்கொண்டு எனக்கு டீ சொன்னார். நல்ல மனிதர்தான். நானும் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

உன்னோடு வேலை செய்ததில் எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எந்த நிரலையும் அனுப்பும் முன், நான் எழுதிய வரிசையில் இதை மற்றவர் பார்ப்பாரா என்று நின்று யோசிப்பேன். அந்தப் பதிவை இனிப் பார்க்கிறவர்கள் உன் பெயரை முதலில் பார்ப்பார்கள். நடந்தது அவர்களுக்கு எப்போதுமே போய்ச் சேராது.

அறிக்கைக்கான கூட்டம் இன்று பத்தரைக்கு. யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். மாற்றம் செய்தவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதப் போகிறேன். அதன் கீழே அவர்களிடம் கட்டம் எதுவும் இல்லை. நானே ஒரு கோடு போட்டு, வேண்டாம் என்று சொன்னவர் என்று உன் பெயரை எழுதுவேன்.