சுஜினைத் திருப்பி அனுப்பிவிடு

ஜெபா,

நீ கோயிலிலிருந்து வருவதற்குள் நான் ஆபீசுக்குக் கிளம்பியிருப்பேன். பதினொரு மணிக்குப் பழவங்காடிக் கடையிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் சுஜின் வருவான். ஹார்டு டிஸ்கை முழுக்க அழித்துவிடச் சொல்லி நான்தான் வரச்சொன்னேன். டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடு. நீ மூன்று மாதமாக டைப் செய்த சர்ச் பாட்டுப் புத்தகம் அதில் பத்திரமாக இருக்கட்டும்.

கம்ப்யூட்டரில் பின்னணியில் தானாக ஓடிக்கொண்டிருந்த அந்தப் புரோகிராமை வைரஸ் என்று நினைத்துத் தினமும் நிறுத்தி வந்தேன். "பேரப் பாத்து கள்ளன்னு சொல்லாதிய, எந்த ஃபோல்டர்ல கெடக்குன்னு பாருங்க" என்றாய். நான் ஒரு கதைப் புத்தகத்தை விரித்துக்கொண்டேன். மூன்று நாளாக உன்னோடு பேச்சில்லை, புத்தகமும் அதே பக்கம்தான்.

இன்று நீ போனதும் பார்த்தேன். நாம் வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸின் ஃபோல்டரில்தான் இருக்கிறது. ப்ராப்பர்ட்டீஸில் கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்தும் சரியாக இருக்கிறது. காவல்காரனைத்தான் தினமும் வெளியே தள்ளியிருக்கிறேன். இப்போது ஸ்கேன் ஓடுகிறது, நிறுத்திவிடாதே.

எங்கள் ஆபீசில் சிஸ்டம் பார்க்கிறவரும் வைரஸ் என்றுதான் சொன்னார். "எங்க வீட்டுல கண்டுபிடிச்சிட்டா" என்று இன்று அவரிடம் சொல்லப்போகிறேன். நானாகப் போய்ப் பேசுவதே அங்கே பெரிய செய்தி.

மீன் குழம்பைச் சுட வைத்து மூடியிருக்கிறேன்.

சுஜின் கேட்டால் தப்பு என்னுடையது என்றே சொல்.

பாட்டுப் புத்தகத்தில் இருபது பக்கம் படித்தேன். ஒரு பிழைகூட இல்லை.

சாயங்காலம் நானே முதலில் பேசுவேன். நீ ஆரம்பித்துவிடாதே.

லிங்கராஜ்