கோமோ எஸ்தா, தௌபீக்?

மார்ச் 3
மூத்தவன் ஜாபர் தீவை விட்டு மெயின்லேண்டில் காலேஜ் வாத்தியார். அல்மாஸ் வண்டூர் படகுகளில் கைடு. வெளிநாட்டுக்காரர்களுக்காக ஸ்பானிஷ்கூடப் படித்துவிட்டாள். சின்னவன் தௌபீக் கப்பலில் இன்ஜினியர். வெள்ளைச் சட்டையோடு அவன் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எங்கள் ஜங்லிகாட் பேட்டையில் அதைப் பார்க்காமல் தப்பித்தவர் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற இந்த நன்னியின் பேரப்பிள்ளைகள்.

மார்ச் 5
தௌபீக்குக்குக் கப்பலில் குடல்வால் வெடித்துவிட்டதாம். ஸ்பெயினில் ஏதோ துறைமுகத்தில் இறக்கி ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. கப்பல் போய்விட்டது. யா அல்லாஹ், பிள்ளை தனியா கெடக்கானே.

மார்ச் 6
கம்பெனி ஆள் 'ஸ்டேபிள்' என்கிறான். இது மனுஷனுக்குச் சொல்கிற வார்த்தையா? வார்டு நம்பர் கிடைத்தது. போனை நம்ம ஊர் மத்தியானத்தில்தான் எடுப்பார்களாம், ஸ்பானிஷ்தான் பேசுவார்களாம். அந்நேரம் அல்மாஸ் கடலில், சிக்னல் கிடையாது. மருமகள் போனைக் கண்டாலே அழுகிறாள். நான்தான் பேசியாக வேண்டும்.

மார்ச் 7
'இரு' என்பதற்கு அவர்கள் சொல்லை அல்மாஸ் சொல்லித்தந்தாள். நான் என்றால் எஸ்தோய். நீ என்றால் எஸ்தாஸ். அவன் என்றாலும் நீங்கள் என்றாலும் எஸ்தா. ஒழுங்குக்கு அடங்காத வினையாம்.

"ஹூன், ஹை, ஹோன்னு மீன் மார்க்கெட்லயே இந்தி படிச்ச ஆளு நீங்க. இது எம்மாத்திரம் நன்னி?"

பிறகு, "முந்தி இருந்தான்னா எஸ்தாபா" என்றாள். வாயை மூடச் சொன்னேன்.

"அவங்க சொன்னா வெளங்கணும்ல?"

வெளங்க வேணாம்.

மார்ச் 8
பிலார் என்றொரு நர்ஸ் எடுத்தாள். எடுத்தவரின் நலம் கேட்காமல் விஷயத்துக்குப் போவது முறையில்லை. "கோமோ எஸ்தா, பிலார்?" எஸ்தோய் பியென் என்றாள் — நன்றாக இருக்கிறாளாம். அடுத்து தௌபீக். நாக்கு எழவில்லை. கேட்டால்தானே பதில் வரும்? வைத்துவிட்டேன். 'அப்படியேதான் இருக்கானாம்' என்று வீட்டில் பொய் சொன்னேன்.

மார்ச் 9
இன்றும் பிலார் நலம்.

மார்ச் 11
அவளாகவே ஏதோ சொல்ல வந்தாள். அவசரமாக வைத்துவிட்டேன்.

மார்ச் 12
கூடத்துப் பக்கம் போகவில்லை. அந்தப் படம்.

மார்ச் 13
சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேவிட்டேன். "கோமோ எஸ்தா, தௌபீக்?"

பிலார் போனோடு எங்கோ நடந்தாள். செருப்புச் சத்தம். கதவு. பிறகு யாரோ மூச்சு விடுவது.

"நன்னி." நூல் மாதிரிக் குரல். "தெனமும் ஒரு அம்மா போன் போட்டு நர்ஸ மட்டும் நலம் விசாரிக்குதாம். நீங்கதானா அது?"

மார்ச் 21
அந்த எஸ்தாபாவை இன்று அல்மாஸிடம் நானே கேட்டு எழுதிக்கொண்டேன். தௌபீக் முந்தி சீக்காக இருந்தான்.

போனில் அவன் முகம் வந்தது, தாடியும் கன்னக்குழியுமாக. அது போதாது. பிலாரோடு நின்று புதுப் படம் எடுத்து, காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கூடத்தில் ஆணி அடித்தாயிற்று.