முத்துராக்கு முகம்

ஜன. 20, செவ்வாய்

லேசான பனி. காரைக்குடி. லாட்ஜ் காபி கழுநீர். வந்த வேலை: பிள்ளையார்பட்டி தரிசனம், நாத்தனாருக்குக் கண்டாங்கிச் சேலை. செய்த வேலை: தெருத்தெருவாகச் சுவர் பார்த்தது.

ஒரு சந்து திரும்பினால் மாடி உயரத்துக்கு மயில். அடுத்த சுவரில் சைக்கிள் பழகும் தாவணிப் பெண். பெயின்ட் சைக்கிளை ஒட்டி நிஜ சைக்கிளை நிறுத்தியிருக்கிறார்கள். எது ஓடும், எது ஓடாது என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. கால் தானாக நடந்தது. பிள்ளையார் எங்கும் போய்விட மாட்டார்.

சந்தைப் பக்கம் சுவர் முழுக்க ஒரே முகம். வெற்றிலைச் சிரிப்பு, பெரிய மூக்குத்தி. நெற்றி யாருக்கும் எட்டாததால் தாடையில் அப்பிய குங்குமம். கீழே வேப்பிலை, சூடம் ஏற்றிய கரி. இது எந்த அம்மன் என்று எதிர்ப்பக்கம் பூ விற்றவரிடம் கேட்டேன்.

"அம்மனா? அது நாந்தாங்க்கா."

நிமிர்ந்து பார்த்தேன். அதே மூக்குத்தி. அதே சிரிப்பு!

ஜன. 21, புதன்

பி.பட்டி இன்றும் போகவில்லை.

பூக்காரர் பெயர் முத்துராக்கு. போன வருஷம் சுவர்ப்படம் வரைய வந்த ரூபா என்ற பெண், அந்தச் சுவரடியில் கடை போட்டிருந்த இவரையே பார்த்து வரைந்திருக்கிறாள். முதலில் ஊரே கேலி. பிறகு வெளியூர்க்காரர் யாரோ சூடம் ஏற்ற, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் சாமி காலடியில் கடை போடாதே என்று இவரையே எதிர்ப்பக்கம் துரத்திவிட்டார்கள். இங்கே பொட்டு நிழல் கிடையாது. உச்சிக்கு முன்பே பூ வாடிவிடுகிறது.

"எம் மொகத்துக்கு முன்னாடி நான் உக்காரக் கூடாதாம். கேட்டீகளா இந்தக் கூத்த?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

ரூபா இந்த வருஷமும் வந்திருக்கிறாள். அடுத்த தெருவில் ஏணி மேல். கூட்டி வந்தேன்.

"அழிச்சிரவாக்கா?" என்றாள்.

"அழிக்காத தாயி, அம்சமா இருக்கேன்ல. பூக் கட்டுறப்பப் போடுற கண்ணாடி இருக்குல்ல, அத மாட்டி விடு. கண்ணாடி போட்ட சாமிய எவன் கும்புடுவான்?"

கடைத்தெரு சாப்பிட்டுத் தூங்கும் நேரம். ஆளே இல்லை. ரூபா ஏணி போட்டு ஏறி வரைந்துவிட்டாள். கறுப்பு பிரேம், ஒரு காதில் நூல் சுற்றியது, அப்படியே இவருடையது. நானும் முத்துராக்குவும் அண்ணாந்து பார்த்தபடி. அந்தக் கண்கள் எங்களைப் படிப்பதுபோல. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. சந்தோஷமாக இருந்தது, காரணமில்லாமல்.

ஜன. 22, வியாழன்

கனவில் ஊர்ச்சுவர்கள் எல்லாம் கண் திறந்தன. பயமே இல்லை. எழுந்து வெகுநேரம் லாட்ஜின் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேலை வாங்கியாயிற்று. அரக்கு. வீட்டுக்காரர் போனில்: "பிள்ளையார் என்ன சொன்னாரு?" நாளைக்கு வரச் சொன்னார் என்றேன்.

ஜன. 23, வெள்ளி

விடிந்ததும் பி.பட்டி. நல்ல தரிசனம், ஒருவழியாக.

திரும்பி வந்தால் சுவர் முன்னால் கூட்டம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் முண்டுகிறாள்.

"ஆத்தாவுக்குத் தானாக் கண்ணாடி வந்துருச்சாம்ல!"

"கண்ணு நோவுக்குக் கேக்குதாம். அங்குட்டு வரிசையில வாங்க."

முத்துராக்கு விடியலிலேயே கூடையோடு போய்ச் சுவரடியில் உட்கார்ந்தாராம். எழுப்பிவிட்டார்கள். கண்ணாடி போட்டுக் காட்டியிருக்கிறார். ஒருவரும் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இன்று சிரிக்கவில்லை அவர். எனக்கு அழுகை வந்தது. யோசனை சொன்னது அவர், ஆள் கூட்டி வந்தது நான்.

பஸ்ஸுக்கு முன் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனேன். கூட்டம் கலைந்திருந்தது. சுவர் முழுக்க மஞ்சள் வெயில். அந்தச் சிரிப்பு. பையைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது. செருப்பை எப்போது கழற்றினேன், கை எப்போது கூப்பியது, தெரியாது.

பின்னாலிருந்து சத்தம்.

"யக்கா! நான் இங்குட்டு இருக்கேன்!"