எல்லாப் பாட்டுக்கும் நட்சத்திரம்

என் பிரியமுள்ள அண்ணாச்சிக்கு,

சித்திரையில் எங்களை விட்டுப் போனீர்கள். இப்போது தீபாவளி நெருங்குகிறது. நம் வீட்டு வைத்திய ஏட்டை ஒருவழியாக அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் வயிறு எரிகிறது.

பூச்சி அரித்த இடங்களில் நீங்களாக ஊகித்து எழுதிய பாட்டுகளுக்கு மட்டும் ஒரு நட்சத்திரம் போட்டு வைத்தீர்களே. ‘இது சந்தேகம், நம்பி மருந்து செய்யாதே’ என்று அர்த்தம். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு, ஒன்றுகூட விடாமல் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

சிவகாசிக்கு பஸ் ஏறி அச்சகத்துக்குப் போய்ப் பார்த்தால், எல்லாப் பாட்டுக்கும் நட்சத்திரம்! மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் அடித்துப் பழகிய கைகள் அல்லவா? முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை.

“அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணுன்னு கிடந்துச்சு தாயி. அதான் எல்லாத்துக்கும் போட்டு எடுப்பா ஆக்கிட்டோம்.”

“அது அலங்காரம் இல்லீங்க, சந்தேகம்!”

“சந்தேகம்னு போட்டா எவன் வாங்குவான்?”

இவரிடம் அழுவதா, சண்டை போடுவதா?

அதோடு போயிற்றா? தன் மூட்டுவலிக்குச் சேராங்கொட்டைப் பாட்டைப் பார்த்து வீட்டில் லேகியம் கிளறச் சொல்லியிருக்கிறாராம். அந்தக் கொட்டையின் பால் பட்டாலே தோல் வெந்துபோகும். அதன் நஞ்சை எடுத்துச் சுத்தி செய்யும் வரியையே பூச்சி தின்றுவிட்டது; நீங்கள் நட்சத்திரம் போட்ட பாட்டு அது, அண்ணாச்சி! பக்கத்துத் தெருவில் இருந்த அவர் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினேன்.

“நானே இறக்கத்தான் போனேன். நீங்க ஏன் இப்படி ஓடி வாரீக?” என்றார் அவர் மனைவி.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். “சந்தேகம் என்று நாலு வார்த்தையில் எழுதிவிடுங்களேன்” என்று எத்தனை தடவை கெஞ்சினேன்? “படிச்சவனுக்கு ஒரு நட்சத்திரம் போதும்ளா” என்று சிரித்தீர்கள். நோயில் கிடக்கிறவர்கள் எல்லாரும் படித்தவர்களா?

முதலாளி பயந்துபோய், சந்தேகமான பாட்டுகளையே எடுத்துவிடலாம் என்கிறார். ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்த வரிகள் அவை. நட்சத்திரங்களைத்தான் எடுக்கச் சொன்னேன், உங்களுடையவற்றையும் சேர்த்து. அந்தப் பாட்டுகளின் அடியில் பெரிய எழுத்தில் இப்படி வரும்: ‘இங்கே ஏடு அரித்திருக்கிறது. மீதியை என் அண்ணன் ஊகித்து எழுதினார். அவருக்கே நிச்சயம் இல்லை. இதைப் பார்த்து யாரும் மருந்து செய்ய வேண்டாம்.’

இந்த வரி இல்லாமல் ஒரு புத்தகமும் வெளியே போகாது, சத்தியம். உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். பிடிக்காவிட்டால் வந்து என்னோடு சண்டை போடுங்கள். ஒரே ஒரு தடவை வாருங்கள், அண்ணாச்சி.

உங்கள் கூடப் பிறந்தவள்,
பேச்சியம்மாள்