என் வயிற்றைப் பற்றி அவர் சொன்னது

மார்ச் 4
இன்றும் இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஓட்டல் போர்வைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. அடிவயிற்றில் சுருக் சுருக்கென்று வலி. பக்கத்து மேசைக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் அவளுக்கு மனசுக்குள் வைத்த பெயர் நெட்டை. அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது. நாற்காலி புரிந்தது.

மார்ச் 7
மறுபடியும் அதே கிளினிக். நம் ஆட்கள் எல்லாம் போகிற இடம், கைராசிக்கார டாக்டர் என்று பெயர். அவரும் என் வீட்டுக்காரரும் இந்த ஊர் பாஷையில் பேசினார்கள், பேசினார்கள், நடுவில் சிரித்தார்கள். என் வயிற்றில் சிரிக்க என்ன இருக்கிறது?
வெளியே வந்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். "வயித்துல கேஸ்தான். மாத்திரை போட்டா சரியாயிடும்" என்றார்.
அவ்வளவு நேரம் பேசினதுக்கு இவ்வளவுதானா?
"உனக்குப் புரியற மாதிரி சுருக்கிச் சொன்னேன்."
வேன் ஓட்டி ஓட்டி இந்த ஊர் பாஷையைக் கற்றவர். எனக்கு வராது. அதனால் என் உடம்புக்கும் அவரே டிரைவர்.

மார்ச் 12
வலி. மாத்திரையாம், மண்ணாங்கட்டி. குளியலறையில் மயங்கி விழுந்தேன்.

மார்ச் 15
போனில் தமிழில் பேசினால் இந்த ஊர் மொழியில் எழுதிக் காட்டுகிறது. அதை வைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். போன இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி: தமிழ் தெரிந்த ஆளை ஏற்பாடு செய்வீர்களா?
கண்ணாடிக் கதவும் பூந்தொட்டியுமாக இருந்த இடத்தில், கணவரைக் கூட்டி வரச் சொன்னார்கள். அடுத்த இடத்தில், பிள்ளைகள் இருந்தால் கூட்டி வரலாமாம். எனக்குப் பிள்ளை இல்லை. இருந்தாலும், இந்தக் கதையை ஒரு சின்னப் பிள்ளை வாயாலா சொல்ல வைப்பேன்?
கடைசியாகப் போனது பெயிண்ட் உரிந்த ஒரு கட்டடம். வரவேற்பில் இருந்தவள் மொழிகளின் பெயர் அச்சடித்த அட்டையை நீட்டினாள். தமிழைத் தொட்டேன். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளராக ஒரு பெண் வந்தார். "வணக்கம்மா. ரூமுக்குள்ள யாரு என்ன பேசினாலும் அப்படியே சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."
வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 20
இன்று நடந்ததை எழுதியே தீருவேன்.
"நான் இருக்கறப்போ போன் எதுக்கு?" என்று அவரும் கூடவே வந்தார். டாக்டர் ஒரு பெண். வலியைச் சொன்னேன், மயங்கி விழுந்ததைச் சொன்னேன். போன் குரல் ஒன்று விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்போது இவர் முன்னால் சாய்ந்து, சிரித்தபடி டாக்டரிடம் ஏதோ சொன்னார்.
அந்தக் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னது: "உங்க கணவர் சொல்றார் — 'இவ எப்பவும் சின்ன வலியப் பெருசாக்குவா. வேலைக்குப் போகாம இருக்க ஒரு சாக்கு. முன்னாடி பார்த்த டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், நான்தான் வேண்டாம்னு விட்டுட்டேன்.'"
ஸ்கேனா? எங்கிட்ட கேஸுன்னு சொன்னியே, படுபாவி. நான் செத்துக் கிடந்தாலும் சுருக்கித்தான் சொல்லுவியா?
இவர் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர் என்னைத்தான் பார்த்தார். "என்னன்னு எனக்கு இன்னும் தெரியல. ஸ்கேன் பார்க்காம எதுவும் சொல்ல மாட்டேன். இவர் இங்க இருக்கலாமா?"
தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர். அந்த ஒரு வார்த்தைக்காகவே இனி இந்த இடம்தான்.
"வெளிய இருக்கட்டும்" என்றேன்.

மார்ச் 21
"நீ பயந்துடுவேன்னுதான் மறைச்சேன்" என்கிறார். சாக்கு என்று சொன்னதும் நான் பயப்படாமல் இருக்கத்தானா? கேட்டேன். வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மார்ச் 27
கருமுட்டைப் பையில் கட்டி. ஆரஞ்சுப் பழ அளவாம். எடுத்துவிட வேண்டும். எதை எடுப்பார்கள், எதை விடுவார்கள், என்ன ஆபத்து — எல்லாவற்றையும் குரல் தமிழில் வாசித்தது. இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். அப்புறம்தான் கையெழுத்து.

ஏப்ரல் 9
எடுத்தாயிற்று. புற்று இல்லை. அவர் பிளாஸ்கோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "டாக்டர் என்ன சொன்னாங்கன்னு எனக்கும் சொல்லேன்" என்றார், கெஞ்சுகிற மாதிரி. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தையல் ஆறிவிடும். இது ஆறுமா, தெரியவில்லை.

ஏப்ரல் 30
மறுபரிசோதனை. பஸ்ஸில் தனியாகப் போனேன். போனில் இன்று வேறு ஆள், ஜலதோஷம் பிடித்த ஓர் ஆண் குரல். "உங்ககூட வேற யாராவது இருக்காங்களாம்மா?"
"யாரும் இல்ல."
"சரி, சொல்லுங்க."
சொன்னேன். நிதானமாக, முழுசாகச் சொன்னேன்.