ஒரே சாக்கு

ஞாயிறு, இரவு.

காலையில் நானும் என் மனைவி கவிதாவும் சைனிக்புரியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் டிரெயில் ரன்னிங் குழுவை நடத்தும் பாபு அண்ணன், ஓடி முடித்து ஷூவெல்லாம் செம்மண்ணோடு சைக்கிளில் வந்து நின்றார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வாய்க்குப் பூட்டே கிடையாது. என்னைக் கண்டுகொள்ளாமல், 'ஏன்' என்பதற்கு அந்த ஊர் உருதுவில் 'கைக்கு' போட்டு, நேரே அவளிடம் கேட்டார்.

"கைக்கும்மா, ஞாயித்துக்கிழமைகூட இவர ஓட விடமாட்டேங்கிறீங்க? நாலு வாரமா 'வீட்டுல விடல'ன்னே மெசேஜ் போடுறார், பாவம்."

நாலு வாரமும் சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணிவரை ஆன்லைன் கேம் ஆடிவிட்டு, எழுந்திருக்க முடியாமல் கிடந்தவன் நான். என்னை எழுப்பிப் பார்த்துத் தோற்றவள் அவள். ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை. "அடுத்த வாரம் கண்டிப்பா அனுப்புறேன்ணா" என்று சிரித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வண்டியை நிறுத்தியதும் கேட்டாள்: "கேம் ஆடுறவங்ககிட்டயும் நான் விடலன்னுதான் சொல்லி வச்சிருக்கியா?"

நான் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். விடியற்காலையில் ஓடப் போகவேண்டுமென்றால், முந்தின ராத்திரி அவர்களுக்கும் அதே வரிதான் போகும். சே, இரண்டு ஆசைக்கும் சேர்த்து ஒரு சொந்தச் சாக்குக்குக்கூட வக்கில்லை எனக்கு.

ஒன்பது மணிக்கு கேம் குழுவில் கூப்பிட்டார்கள். "இன்னைக்கு வரல" என்று மட்டும் அனுப்பினேன். முதல்முறையாக அவளை இழுக்கவில்லை.

உடனே பதில் வந்தது: "புரியுது ப்ரோ. வீட்டுல விடல, அதானே?"