ஐஸ் ஆலையில் மாலை ஆறு மணிக் கையெழுத்து

மாப்ளே,

யாரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே இந்தக் கதையைத் தொடங்குகிறேன். இன்று காலை மீன் வாங்கப் போனபோது ஐஸ் ஆலைப் பக்கமிருந்து அமோனியா வாடை மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர். அமோனியாதான், நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆனதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அங்கே நாம் மெஷின் ஓட்டிய நாளில், காலை ஆறுக்குத் தொடங்கிய வேலை இரண்டுக்கு முடிய வேண்டும். நாம் வெளியே வருவதற்குள் காவிரியில் தண்ணீர் வந்து, நெடுங்காட்டில் நடவும் அறுப்பும் முடிந்திருக்கும். அந்தக் கூடுதல் நேரத்துக்கு முதலாளி தந்தது ஒரு டீ, ஒரு போண்டா. அந்தப் போண்டாவைக் கட்டிப் படகுக்கு நங்கூரம் போடலாம்.

உன் மகளுக்கு நர்ஸிங் இடம் கிடைத்தது. ஃபீஸ் கட்ட ஒரு மாதம்தான் தவணை. “நம்ம ஓவர்டைம் காசெல்லாம் அவருகிட்ட கெடக்கு. நான் ஏன் மாப்ளே வட்டிக்கு வாங்கணும்?” என்று சொல்லிவிட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டாய்.

விசாரணைக்கு முதலாளி வந்தார். அவர் தும்மினால் கிளிஞ்சல்மேட்டில் படகு கவிழும். “ரெண்டு மணிக்கு மேல ஒருத்தரும் ஆலையில இருக்கறதில்லைங்க” என்றார்.

நீ அதிகாரியம்மாவிடம் பவ்யமாகக் கேட்டாய்: “மணிக்கொரு தடவ மெஷின் பிரஷர் எழுதுற நோட்டு இருக்கான்னு கேளுங்கம்மா.”

முதலாளிக்குப் பெருமை பிடிபடவில்லை. “அதுமாதிரி நோட்டு காரைக்கால்லயே கெடையாதுங்க. ஒரு மணி விட்டதில்ல!” ஆளனுப்பி அவரே வரவழைத்தார்.

அதிகாரியம்மா புரட்டினார். “மூணு மணி, நாலு, அஞ்சு, ஆறு... இதெல்லாம் யாரு கையெழுத்துங்க?”

எல்லாம் நம் இருவருடைய கையெழுத்துதான். ஆலையின் மொத்தக் குளிரும் அந்த அறைக்குள் இறங்கியது.

வாசலில் வைத்து முதலாளி உன்னிடம் குழைந்தார்: “ரெண்டு பேருக்கும் பாதி தர்றேன்ப்பா, வாங்கிட்டு விட்டுடுங்க.” நான் தலையை ஆட்டியே விட்டேன்.

“பாதி வாங்கினா, மீதி நேரம் நாங்க அங்க தூங்கினோம்னு ஆயிடுமுங்க” என்றாய்.

சட்டப்படி இரட்டைக் கூலியாகவே வந்தது. வீடு கொண்டுசேர்க்க மூன்று லாரி பிடித்தோம். கடைசி நாளில் ஃபீஸ் கட்டினாய். இன்று உன் மகள் ஊசியை எடுத்தாலே, ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் பயந்து தானாக இறங்கிவிடுகிறது.

இதில் பெரும்பாகம் நான் ஊதிப் பெரிதாக்கியது. ஒன்று மட்டும் உண்மை. அந்த மனுவில் கையெழுத்துப் போடப் பயந்து நான் ஒதுங்கிக்கொண்டேன். நீதான் விசாரணையன்று அதிகாரியம்மாவிடம் என்னைக் காட்டி, “இவன் பேரையும் சேத்துக்குங்கம்மா, கூடவே நின்னான்” என்றாய். இப்போதெல்லாம் கூலிக்காக யார் மனு எழுதினாலும் முதல் கையெழுத்து என்னுடையது. பயம் இன்னும் போகவில்லை. போட்டுவிடுவேன்.